ஆடிக்குக் கூட்டிட்டு வந்த புள்ள

எனக்கில்லீங்க தம்பி. எம் புள்ளைக்கு. பைல் மேல 'விவாகரத்து'ன்னு பெருசா எழுதியிருக்கறதப் பாத்துப்போட்டு, இந்த வயசுல இந்தாளுக்கு எதுக்கு இந்தக் கெரகம்னு நெனச்சிருப்பீங்க. பரவால்லீங்க. ஈரோட்டுல பஸ்சு ஏறுனதுலிருந்து நாலு பேரு அப்புடித்தான் பாத்தாங்க. கண்டக்டரு சில்லறையைக் குடுத்துட்டு ஒருக்கா நின்னு படிச்சுட்டுப் போறாரு.

அதா பாருங்க, முன்னால லேடீஸ் சீட்டுல, பச்சைச் சுடிதாரு, ஜன்னலோரம். அதுதான் எம் புள்ள. மேகலா. ஒரே புள்ள. எங்கூட்டுக்காரி போயி அஞ்சு வருசம் ஆச்சு. அப்பறம் நானும் அவளுந்தான். நான் கோபி தாலுக்கா ஆபீசுல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். சென்னியப்பன்னு கேட்டா இன்னைக்கும் ஆபீசுல தெரியும். ஆருக்கு என்ன மனு எழுதோணும்னாலும் எங்கிட்டத்தான் வருவாங்க. பட்டா மாறுதலு, பேரு திருத்தம், முதியோர் பென்சன், எது வேணா கேளுங்க.

நாங்க கரூருக்குப் போறமுங்க. அவ புருசன் ஊட்டுக்கு.

என்னங்க சிரிக்கறீங்க? விவாகரத்து பைலைக் கையில வெச்சுக்கிட்டுப் புருசன் ஊட்டுக்குப் போறானேன்னா? போறமுங்க. சொல்றேன் கேளுங்க. கொடுமுடி வர்றக்குள்ள சொல்லி முடிச்சர்றேன். நீங்களும் கரூர்தான? அப்ப நல்லதாப் போச்சு, அவசரமில்ல.

வைகாசியில கல்யாணமுங்க. மாப்பிள்ளை பேரு மோகனசுந்தரம். கரூர்ல ஒரு நெசவுக் கம்பெனியில மிஷின் மெக்கானிக்கு. அவங்கம்மா மூத்த மகங்கூட அரவக்குறிச்சியில. இவன் தனியா வாடகை ஊடு. குடிக்கறதில்ல, பீடி சிகரெட்டு இல்ல. எல்லாம் நான் விசாரிச்சுத்தான் குடுத்தேன். அதுல நான் தப்புப் பண்ணலீங்க.

ஆடி வந்துச்சு. புதுசாக் கட்டிக்குடுத்த புள்ளையை ஆடிக்குத் தாய் ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணுமில்லீங்களா? அது நம்ம வழக்கம். நானே போனேன். சீர் எடுத்துக்கிட்டு, ரெண்டு கட்டைப்பை, வேர்க்க வேர்க்கப் போயி நிக்கறேன். அவன் போன்ல பேசிக்கிட்டிருந்தான். 'வாங்க மாமா'ன்னான். ஒரு வாட்டி. ஒரே ஒரு வாட்டி சொல்லிப்போட்டுப் போன்ல மறுபடி பேசறானுங்க. ஏதோ மிஷின் நின்னு போச்சாமா. மாமனாரு நிக்கறதை விட மிஷின் நிக்கறது பெருசாப் போச்சு அவனுக்கு. அந்தத் தேதியை நான் குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

அன்னைக்குன்னு பாத்து சம்பந்தியம்மாவும் வந்திருந்தாங்க. புள்ளையைக் கூட்டிட்டுக் கெளம்பறப்ப சொல்றாங்க, 'ஆடி முடிஞ்சு மொத வெள்ளிக்கெழம கொண்டாந்து உட்டுருங்க சம்பந்தி'ன்னு. அதென்னங்க அந்தப் பேச்சு? கொண்டாந்து உடறதுக்கு நானென்ன பால்காரனா? எங்க பக்கமெல்லாம் அவங்கதான் வந்து கூட்டிட்டுப் போகோணும். பெரியவங்க நாலு பேரு, தட்டு, பூ, பழம், புதுச்சேலை. அவங்க பக்கம் புள்ள ஊட்டுக்காரங்கதான் கொண்டு போய் உடுவாங்களாமா. உடுவாங்க உடுவாங்க. நான் வாயைத் தொறக்கலீங்க. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன். மனசுக்குள்ள, வரட்டும் பாத்துக்கலாம்னு இருந்தேன்.

ஆடி முடிஞ்சுது. ஆரும் வரலை.

'அப்பா, ஆவணி பொறந்துருச்சுங்கப்பா'ன்னா மேகலா. ஆமா சாமி, இந்த வருசம் மழை முன்னாலயே வரும் போல இருக்குதுன்னேன். பொறகு புரட்டாசி. புரட்டாசியில ஆராச்சும் புள்ளையை ஊடு மாத்துவாங்களா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஐப்பசியில அடை மழை. மழையில துணிமணியெல்லாம் நனைஞ்சு போகுமில்லீங்களா? நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அவ என்ன சொன்னாளா? அவ என்னங்க சொல்லுவா, நல்ல புள்ள. எதுத்துப் பேசிப் பழக்கமே இல்ல அவளுக்கு. நான் வளத்த வளப்பு அப்புடி. 'சேரிங்கப்பா'ன்னுவா, போயிருவா. சாயந்திரம் ஆனா மொட்டை மாடிக்குப் போயி ஒரு மணி நேரம் போன் பேசுவா. கீழ எறங்கி வர்றப்ப கண்ணு செவந்திருக்கும். காலேஜ் சினேகிதப் புள்ளைங்ககிட்ட மனசுல இருக்கறதக் கொட்டறா போலன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த ஊட்டுல என்ன பாடு பட்டாளோன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. அதையும் குறிச்சேன். 'மன உளைச்சல், தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை'ன்னு.

சொல்லக் கூடாது, அவ வந்த நாலு மாசம் ஊடு ஊடாட்டம் இருந்துச்சுங்க. காலையில காபி. மத்தியானம் ரசம் வெச்சான்னா தெருவே மணக்கும். சாயந்திரம் ரெண்டு பேரும் கேரம் போர்டு. அவ சின்னதுல வாங்குனது, சிவப்புக் காயி ஒண்ணு தொலைஞ்சு போச்சு, அதுக்குப் பதிலா சட்டைப் பித்தானை வெச்சு ஆடுவோம். கல்யாணத்துக்குப் பொறகு ரெண்டு மாசமா அந்தப் போர்டு செவுத்துல சாஞ்சு கெடந்துச்சு. நான் மெஸ்ல இருந்து டிபன் கேரியரு எடுத்துட்டு வந்து, டிவியைப் போட்டு உட்டுட்டு உக்காந்திருப்பேன். எனக்கொண்ணும் கஷ்டமில்லீங்க. அந்த மெஸ்ல கூட்டெல்லாம் நல்லாவே இருக்கும்.

தீபாவளிக்கு வாறேன். தலைத் தீபாவளி. மாமனாரு அழைக்கோணும், மாப்பிள்ளை வரோணும். நான் மொறையா அழைச்சனுங்க. எப்புடி அழைச்சேன்? ரிஜிஸ்டர் தபால்ல. ஒப்புகை அட்டையோட. 'தாங்கள் தலைத் தீபாவளிக்கு வருகை தருமாறு இதன் மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்'. நாளைக்கு ஆரும் அழைக்கலைன்னு பேசிரக் கூடாதில்லீங்களா? அந்தத் தபாலு, கதவு பூட்டியிருந்ததுன்னு திரும்பி வந்துருச்சு. நான் அந்தக் கவரைப் பிரிக்காம அப்புடியே பைல்ல சேத்துட்டேன். அழைப்பு நிராகரிக்கப்பட்டதுன்னு மேல பென்சில்ல எழுதி வெச்சேன்.

தீபாவளி அன்னைக்கு வெடியக் காலம் கதவைத் தட்டற சத்தம். தொறந்தா அவன். நனைஞ்ச கோழியாட்டம் நிக்கறான். கரூர்ல இருந்து மழையில பைக்குல வந்திருக்கறான். ஒரு கையில ஹெல்மெட்டு, இன்னொரு கையில துணிக்கடைப் பை. தட்டு இல்ல, கூட பெரியவங்க இல்ல. நான் மரியாதையாத்தான் கேட்டேன், 'அழைப்பு வந்து சேந்துச்சுங்களா?'ன்னு. 'இல்லீங்களே மாமா'ன்னான். 'அப்ப எப்புடி வந்தீங்க?'ன்னேன்.

நியாயந்தானுங்களே? நீங்களே சொல்லுங்க. கடுதாசி போய்ச் சேரலை, ஆளு வந்து நிக்கறாரு. ஆபீசுல இப்புடி வந்தா உள்ள உடுவாங்களா?

காபி குடுத்தேன், குடிச்சான். இட்லி வெச்சேன், தின்னான். மேகலா ரூமை விட்டு வெளியவே வரலீங்க. முந்தின நாளு பலகாரம் தின்னது ஒத்துக்கலை போல. அவன் ரூமுக்குள்ள போயி அரை மணி நேரம் பேசிப்போட்டு வெளிய வந்தான். மத்தியானம் ஷிப்டு இருக்குதுன்னு கெளம்பிட்டான். கெளம்பறப்ப சொல்றானுங்க, 'கார்த்திகை மொத வாரம் வந்து கூட்டிட்டுப் போறனுங்க மாமா'ன்னு. கூட்டிட்டுப் போலாங்களான்னு கேக்கலை. போறேங்கறான். சாயந்திரமே ஒரு புது பைல் எடுத்தேன். மேல இந்தத் தலைப்பை எழுதுனேன். இதுக்கு ஒரு முடிவு கட்டோணும்னு.

மேகலாகிட்டக் கேட்டனான்னா? இருங்க தம்பி, அதுக்குத்தான் வர்றேன். ஒவ்வொண்ணா வரோணுமில்ல.

கோர்ட்டு வீதியில தமயந்தின்னு ஒரு வக்கீலம்மா. மாடியில ஆபீசு. மேசை மேல ஒரு கிண்ணத்துல பொரிகடலை வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா வாயில போட்டுக்கிட்டே கேக்கறாங்க. நான் மனுவை எழுதியே கொண்டு போயிருந்தேன். சுத்தமா, மார்ஜின் உட்டு. அனுப்புநர், கி. சென்னியப்பன், தலைமை எழுத்தர், ஓய்வு. பெறுநர், மாண்புமிகு நீதிபதி அவர்கள். பொருள், விவாகரத்து வழங்கக் கோருதல், தொடர்பாக. பார்வை, ஆடி மாத அழைப்பு.

அந்தம்மா ரெண்டு வாட்டி படிச்சாங்க. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க. 'ஏனுங்கய்யா, இதுல மனுதாரர் நீங்க, எதிர்மனுதாரர் உங்க மாப்பிள்ளை. இதைக் கோர்ட்டுல போட்டா உங்களையும் மாப்பிள்ளையையுந்தான் பிரிச்சு உடோணும்'னாங்க. குமாஸ்தா ஒருத்தரு அந்தப் பக்கம் டைப் அடிச்சுக்கிட்டிருந்தாரு, அவரு தோளு குலுங்குது. எனக்குச் சங்கடமாப் போச்சு. இருந்தாலும் சமாளிச்சேன். மனுவை மாத்தி எழுதிக்கலாமுங்கம்மா, மொதல்ல என் சந்தேகங்களைத் தீத்து வைய்யிங்கன்னு நோட்டை எடுத்தேன். இருபத்தோரு கேள்வி எழுதியிருந்தேன்.

உங்களுக்கு உபயோகப்படாது, இருந்தாலும் கேட்டுக்கோங்க. ஆராச்சும் கேட்டா நீங்க சொல்லலாம்.

மொதக் கேள்வி, எத்தனை நாள்ல ஆகும்? அந்தம்மா கேட்டாங்க, கல்யாணம் எப்பன்னு. வைகாசின்னேன். கல்யாணமாகி ஒரு வருசம் முடியாம விவாகரத்து மனுவே போட முடியாதாமுங்க. தாங்க முடியாத கொடுமைன்னா மட்டும், கோர்ட்டுல தனியா அனுமதி வாங்கிட்டுப் போடலாமாமா. கொடுமை இருக்குதுன்னேன். என்ன கொடுமைன்னாங்க. ஒரு வாட்டிதான் 'வாங்க'ன்னதைச் சொன்னேன். நான் போட்ட மோதிரத்தை அவன் கையில போடறதே இல்ல, மிஷின்ல மாட்டுமாமா, அதைச் சொன்னேன். அந்தம்மா பொரிகடலை கிண்ணத்தை எம்பக்கம் தள்ளுனாங்க. 'கொஞ்சம் சாப்புடுங்கய்யா'ன்னாங்க.

ரெண்டாவது, ரெண்டு பக்கமும் சம்மதிச்சா சுருக்கா முடியுமான்னு கேட்டேன். முடியுமாமா. ஆனா அதுக்கும் ரெண்டு பேரும் ஒரு வருசம் பிரிஞ்சிருந்திருக்கோணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும். போட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு வந்து, ஆமா பிரியத்தான் போறோம்னு சொல்லோணும். அந்த ஆறு மாசத்தை ஜட்ஜு பாத்துக் கொறைச்சாலும் கொறைப்பாங்களாமா. நான் கேட்டேன், ரெண்டு பேருன்னா நானும் சம்பந்தியுமான்னு. 'தாலி கட்டுனவரும் கட்டிக்கிட்டவங்களும்'னாங்க. பவர் எழுதி வாங்கிக்கறேன்னேன். நெலமா இருந்தா பவர் எழுதலாமுங்கய்யா, மனசுக்கு எழுத முடியாதுன்னாங்க. அந்தப் பதிலை நான் நோட்டுல எழுதிக்கலை.

மூணாவது, எந்த ஊர்ல போடறது? கல்யாணம் நடந்த ஊர்லயும் போடலாம், ரெண்டு பேரும் கடைசியாச் சேந்து குடியிருந்த ஊர்லயும் போடலாம், பொண்ணு போடறதா இருந்தா அவ இப்ப இருக்கற ஊர்லயும் போடலாமாமா. அப்ப கோபி! எனக்கு அது ஒண்ணுதான் சாதகமா வந்துச்சு. அதை ரெண்டு கோடு போட்டு வெச்சுக்கிட்டேன்.

நாலாவதுதான் தம்பி எனக்கு ஆப்பு. கைவிட்டுட்டான்னு போடலாமான்னு கேட்டேன். ஒருத்தரை ஒருத்தரு காரணமில்லாம ரெண்டு வருசம் விட்டுட்டுப் போனாத்தான் அது செல்லுமாமா. அதோட உட்டாங்களா? 'இதுல ஊட்டை விட்டு வந்தது ஆருங்கய்யா?'ன்னாங்க. அவங்களே பதிலையும் சொன்னாங்க. 'உங்க பொண்ணு ஆடிக்கு வந்தவங்க போகலை. தேடி வந்த மாப்பிள்ளையை நீங்க அழைப்பு எங்கன்னு கேட்டு அனுப்பிட்டீங்க. அவரு நெனச்சா, எஞ் சம்சாரத்தை எங்கூடச் சேத்து வைய்யிங்கன்னு மனுப் போடலாம். அதுக்குச் சட்டத்துல எடமிருக்குது'ன்னாங்க.

எதிர்க்கட்சி நாமளா! முப்பத்தி நாலு வருச சர்வீசு, என் மேல ஒரு மெமோ கெடையாது.

சரி, நகையாச்சும் கேப்போம்னு அஞ்சாவதுக்கு வந்தேன். நாம போட்ட நகையெல்லாம் ஆருக்குன்னு. பொண்ணுக்குன்னு போட்டது பொண்ணுதுதான், ஆரு கையில இருந்தாலும் அவ கேட்டாத் திருப்பிக் குடுத்துரோணும்னாங்க. அப்புடிப் போடுங்கன்னு நிமிந்து உக்காந்தேன். 'இப்ப நகை ஆருகிட்ட இருக்குதுங்க?'ன்னாங்க. பேங்கு லாக்கர்ல. 'லாக்கரு ஆரு பேர்ல?'ன்னாங்க.

எம் பேர்லதான்.

பத்திரத்துக்குத்தானுங்க வெச்சேன்! அவ ஆடிக்கு வந்தப்ப, வாடகை ஊட்ல எதுக்குன்னு வாங்கி வெச்சேன். அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எனக்குத் தண்ணி தாகமெடுத்துருச்சு.

மறு கல்யாணம் எப்பப் பண்ணலாம்னு நான் கேக்கவே இல்லீங்க. எல்லாரும் கேப்பாங்களாமா. தீர்ப்பு வந்து, அப்பீலுக்கு உண்டான கெடு முடிஞ்சப்பறந்தான் பண்ணோணும்னு அவங்களேதான் சொன்னாங்க. நான் கேட்டேன், மறு கல்யாணம் எதுக்குங்கம்மான்னு. 'பின்ன, விவாகரத்து ஆனப்பறம் பொண்ணு என்ன பண்ணுவாங்க?'ன்னாங்க. என்ன பண்ணுவா, எங்கூட இருப்பா. காலையில காபி போடுவா, சாயந்திரம் கேரம் போர்டு ஆடுவோம். வெள்ளிக்கெழமையானா பாரியூர் கோயிலுக்குப் போவோம். சந்தோசமா இருப்போம்னேன்.

அந்தம்மா பேனாவை மூடி வெச்சாங்க. பொரிகடலையையும் நிறுத்திட்டாங்க. 'உங்க பொண்ணைப் புதங்கெழம கூட்டிட்டு வாங்க. நான் தனியாப் பேசோணும்'னாங்க. மிச்சம் பதினாறு கேள்வி பாக்கி இருக்குதுங்களேன்னேன். 'அதெல்லாம் அவங்க கேக்கட்டும்'னாங்க.

புதங்கெழம கூட்டிட்டுப் போனேன். எங்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனனுங்க, பொய் சொல்லலை. மேகலா என்னைப் பாத்தா. 'சேரிங்கப்பா'ன்னா. அதே சேரிங்கப்பாதான். என் கேள்வி நோட்டை அவ கையில குடுத்தேன். பாக்கியை நீ கேட்டுக்க சாமின்னேன்.

கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் வெளியில பெஞ்சுல. குமாஸ்தா என்னமோ பேச்சுக் குடுத்தாரு, எனக்கு எதும் காதுல ஏறலை. அரை மணி நேரமாச்சு. சத்தமே இல்ல. அழுகறாளோன்னு காதை வெச்சுக் கேட்டேன், ஃபேன் சத்தந்தான் கேட்டுச்சு. அப்பறம் கதவு தொறந்துச்சு. வக்கீலம்மா மட்டும் வெளிய வந்து எம்பக்கத்துல பெஞ்சுலயே உக்காந்தாங்க.

'நான் இருபத்தி ரெண்டு வருசமாக் குடும்ப வழக்கு பாக்கறனுங்கய்யா. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கறேன். உங்க பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. அதுக்கு எனக்குப் பதில் தெரியலை'ன்னாங்க.

என்ன கேட்டான்னேன்.

'எங்கப்பா மனசு நோகாம நான் என் ஊட்டுக்குப் போறதுக்குச் சட்டத்துல ஏதாச்சும் வழி இருக்குதுங்களா மேடம்னு கேட்டுச்சு'ன்னாங்க.

இருங்க தம்பி. கொஞ்சம் இருங்க. தூசி.

நாலு மாசமா மாடியில நின்னு பேசுனது சினேகிதப் புள்ளைங்ககிட்ட இல்லீங்க. அவன்கிட்டத்தான். அவன் அங்க தனியாப் பொங்கித் தின்னுக்கிட்டு, இவ இங்க எனக்கு ரசம் வெச்சுக்கிட்டு, சாயந்திரம் ஒரு மணி நேரம் போன்ல குடும்பம் நடத்தியிருக்கறாங்க ரெண்டும். மேகலா வக்கீலம்மாகிட்டச் சொல்லியிருக்கறா, 'நான் போயிட்டா அப்பா மறுபடி மெஸ் சாப்பாடு, செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, எனக்குப் போகவும் மனசு வரலை இருக்கவும் முடியலை'ன்னு. பாத்தீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லலை. நான்தான் எதுத்துப் பேசாத புள்ளைன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்பறம் நான் ஒண்ணு கேட்டேன். நோட்டுல இல்லாத கேள்வி. கேக்கறதுக்கே வெக்கமா இருந்துச்சு, இருந்தாலும் கேட்டுட்டேன். 'ஏனுங்கம்மா, புருசன் பொண்டாட்டி பிரிஞ்சா, கொழந்தையை மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம அப்பனுக்குக் காட்டோணும்னு கோர்ட்டுல உத்தரவு போடுவாங்களாமே. கட்டிக்குடுத்த புள்ளையைப் பாக்கறதுக்கு அந்த மாதிரி எதுனாச்சும் உண்டுங்களா?'ன்னேன்.

குமாஸ்தா டைப் அடிக்கறதை நிறுத்திட்டாரு.

வக்கீலம்மா சிரிக்கலீங்க. 'அதுக்குக் கோர்ட்டு இல்லீங்கய்யா. உங்க மாப்பிள்ளைகிட்டக் கேளுங்க'ன்னாங்க. பீஸ் வாங்கமாட்டேன்னுட்டாங்க. நான் கட்டாயப்படுத்திக் குடுத்தேன். ஓசியில சட்டம் கேட்டேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது பாருங்க.

ஊட்டுக்கு வந்து ரெண்டு நாளு அவ ரசம் வெச்சா, நான் தின்னேன். கேரம் போர்டும் எடுக்கலை. மூணாம் நாளு நான்தான் சொன்னேன், துணியெல்லாம் எடுத்து வெய்யி சாமி, நாளைக்குக் காலையில போலாம்னு. லாக்கர்ல இருந்து நகையையும் எடுத்துட்டு வந்து குடுத்துட்டேன். நகை ரசீதெல்லாம் இந்தப் பைல்லதான் கெடக்குது, அதான் இதையும் கையோட எடுத்துட்டு வந்தேன். ஆரும் வந்து கூட்டிட்டுப் போகாமயே நானே கொண்டு போய் உடறனுங்க, பாத்துக்கோங்க. எங்க பங்காளிங்க கேட்டாச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க.

ஆனா உள்ள போகமாட்டேன் தம்பி. அதை முடிவு பண்ணிட்டேன். வாசல்ல உட்டுட்டு, அதே ஆட்டோவுல திரும்பிருவேன். என்ன இருந்தாலும் தீபாவளி அன்னைக்கு நான் கேட்ட கேள்வியை அவன் மறந்திருக்கமாட்டான். நானா இருந்தா மறப்பனா? நான் தேதி போட்டு எழுதி வெச்சிருப்பேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் முன்னால உக்காந்து, மாசத்துல ரெண்டு நாளு எம் புள்ளையைப் பாக்க உடுங்கன்னு கேக்கறது? நேத்திருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு வர்றேன். நெசமாச் சொல்றேன், எனக்குப் பயமா இருக்குதுங்க. இன்னைக்குச் சாயந்திரம் போயி அந்த ஊட்டைத் தொறக்கோணுமே, அதை நெனச்சாலே பயமா இருக்குது. சத்தமே இருக்காது தம்பி அந்த ஊட்ல. கொழாயில தண்ணி சொட்டறது ரூமுக்குள்ள கேக்கும்.

இருங்க, என் போனா அடிக்குது? கொஞ்சம் இந்தப் பையைப் புடிங்க. கண்ணாடி வேற எங்க வெச்சனோ. ஆரு பாருங்க, பேரு என்னன்னு படிங்க.

மோகன்னா போட்டிருக்குது? எம் மாப்பிள்ளைங்க அது.

இந்த நம்பருக்கு நான் ஆடியில இருந்து கூப்புட்டதில்லீங்க. அவனும் அடிச்சதில்ல. என்ன பண்றது? எடுக்கட்டுங்களா? அடிச்சுக்கிட்டே இருக்குது. அங்க பாருங்க, மேகலா திரும்பிப் பாக்கறா. அவதான் சொல்லியிருப்பா, கொடுமுடி தாண்டிட்டோம்னு. சரி, சரி, குடுங்க.

ஹலோ. ஆமாங்க... நான்தான் பேசறேன். சொல்லுங்க மாப்பள.

வந்துக்கிட்டிருக்கறமுங்க. இன்னொரு முக்கா மணி நேரமாகும்... இல்லீங்க, எதுக்குங்க நீங்க பஸ் ஸ்டேண்டுக்கு வந்துக்கிட்டு, ஆட்டோவுல வந்துருவோம்... அப்புடிங்களா. சேரிங்க. நான் சாப்பாட்டுக்கெல்லாம் இருக்க மாட்டனுங்க, வேலை கெடக்குது... கோழி எடுத்தாச்சுங்களா? எதுக்குங்க அதெல்லாம்...

மாப்பள, ஒரு நிமிசம். வெச்சராதீங்க. ஒண்ணு கேக்கோணும். நேர்ல கேட்டா எனக்கு வாய் வராது, இப்பவே கேட்டர்றேன். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம... நான் வந்து புள்ளையப் பாத்துட்டுப் போலாங்களா? ராத்திரி தங்கமாட்டேன். சாயந்திர பஸ்சுக்குத் திரும்பிருவேன். உங்களுக்கு எடைஞ்சல் இல்லைன்னா மட்டும்.

...

என்னங்க? கேக்கலீங்க மாப்பள. பஸ்சு சத்தம். இன்னொருக்கா சொல்லுங்க.

...

சேரிங்க. சேரிங்க மாப்பள. வெச்சர்றனுங்க.

என்ன சொன்னாருன்னா? 'எனக்கு ஞாயித்துக்கெழம ஆனா ஷிப்டு இருக்குதுங்க மாமா, மேகலா தனியாத்தான் கெடப்பா, வாராவாரம் நீங்க வந்தா அவளுக்குத் தொணையாச்சு'ங்கறாரு தம்பி.

மொத வாட்டி சொன்னப்பவே நல்லாத்தான் கேட்டுச்சு. இன்னொருக்கா சொல்லிக் கேக்கோணும்னு இருந்துச்சுங்க.